மூன்று சுற்று

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை இனி உட்கார்ந்து பார்க்க முடியாது, பாட்டை மட்டும் கேட்டுக்கொண்டால் போதும் என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். இரண்டு மாதத்துக்கு முன்பு கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஏற்காடு சாலையில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தினமும் தாண்டிப் போகிறவன் நான். டி.ஆர்.சுந்தரம் நடத்திய ஸ்டுடியோ, கலைஞர் சேலத்தில் தங்கி வசனம் எழுதிய காலம் எல்லாம் அப்பா சொல்லிக் காது புளித்த கதைகள். ஆனால் அங்கே தயாரான ‘மந்திரி குமாரி’யை முழுசாகப் பார்த்தது 57 வயதில், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. 1950இல் வந்த படம்.

எம்.ஜி.ஆர். படம் என்றுதான் உட்கார்ந்தேன். தளபதியாக வருகிறார், வாள் சுழற்றுகிறார், சரி. ஆனால் படம் அவருடையது இல்லை. ராஜகுருவின் மகன் பார்த்திபனாக வரும் எஸ்.ஏ.நடராஜனும், மந்திரி மகள் அமுதவல்லியாக வரும் மாதுரி தேவியும் கதையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். பகலில் பெரிய இடத்துப் பிள்ளை, ராத்திரியில் கொள்ளைக்காரன். கேட்டால் அதுவும் ஒரு கலைதானே என்று வாதாடுகிறான். ராஜகுரு யார் தெரியுமா, நம்பியார்!

அப்புறம் ‘வாராய் நீ வாராய்’ வந்தது. திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது, ஜி.ராமநாதன் இசை. ரேடியோவில் நூறு தடவையாவது கேட்டிருப்பேன், காதல் பாட்டு என்று நினைத்துக்கொண்டு. படத்தில் பார்த்தால் பார்த்திபன் தான் கட்டிய மனைவி அமுதவல்லியைத் தள்ளிவிட மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான்! போகிற இடம் தூரமில்லை என்று அவ்வளவு குழைவாகச் சொல்கிறானே, அந்த இடம் இதுதான். கையில் தட்டுவடை செட் இருந்தது. வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். சட்னி ஊறி, அடித் தட்டை நமத்து, பீட்ரூட் துருவல் வேட்டியில் விழுந்த பிறகுதான் தெரிந்தது.

விஷயம் தெரிந்ததும் அவள் அழுது புரளவில்லை. சாவதற்கு முன்னால் கணவனை மூன்று முறை சுற்றி வந்து வணங்க வேண்டும் என்கிறாள். சுற்றுகிறாள். மூன்றாவது சுற்றில் தள்ளிவிடுகிறாள். குண்டலகேசிக் கதையென்று பள்ளியில் படித்ததுதான். ஐம்பெருங்காப்பியம், ஒரு மதிப்பெண் கேள்வி, அத்தோடு மறந்தாயிற்று. அந்த மலை ஏற்காடுதான் என்று எங்கள் ஊரில் அடித்துச் சொல்வார்கள்.

பாட்டு மட்டும் போதும் என்கிற அந்த வாசகருக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1994இல் எங்கள் கல்யாண வரவேற்பில், மெல்லிசைக் குழுவிடம் சீட்டு எழுதிக் கொடுத்து இதே பாட்டைப் பாடச் சொன்னவன் நான். மேடையில் பக்கத்தில் மனைவி, மாலையோடு. மண்டபமே கைதட்டியது. ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

படம் முடிந்து டிவியை அணைத்ததும் அதை நானே சொல்லித் தொலைத்தேன். வீட்டம்மா வேட்டியிலிருந்த பீட்ரூட் கறையைப் பார்த்தபடி சொன்னாள்: “ஏங்க, இது அன்னைக்கே தெரிஞ்சிருந்தா, மறுவாரம் ஏற்காடு போனோமே, அந்த லேடீஸ் சீட் மலை விளிம்புலயே நானும் மூணு சுத்து சுத்தியிருப்பேன்.”

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
அஸ்தம்பட்டி, சேலம்.