செவலைக்குக் கொஞ்சம் காலம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய குதிரையேற்றக் கழக நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். லாயத்துச் சுவரில் நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். இந்த மாத இறுதிக்குள் ஒவ்வொரு குதிரையும் வேறு குதிரையின் துணையில்லாமல், கேட்டுக்கு வெளியே போகும் வெளிச்சுற்றை முடித்துக் காட்ட வேண்டும், முடியாதவை சவாரிப் பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்கிற அறிவிப்பு. அதன் பேரில் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததும் உங்களுக்குத் தெரியும். குழுவில் இருவர் கேட்டருகே நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள்.

நான் பழக்கும் பெண் குதிரை செவலை நகர மறுத்து நிற்கும் இடம் எப்போதும் ஒன்றுதான். கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாதை வளைகிறதே, அங்கே. அதில் திரும்பினால் லாயம் கண்ணிலிருந்து மறையும், மற்றக் குதிரைகளின் சத்தமும் தேய்ந்துவிடும். அந்த இடம் நெருங்கும்போதே அவள் கழுத்து நிமிரும், மூக்குத் துவாரம் விரியும், சேணத்துக்கடியில் முதுகு பலகை போல இறுகும். விலாவில் கை வைத்தால் ஈரம். வெயிலே வராத காலை நேரத்திலும் அப்படித்தான். இதைத்தான் பதிவேட்டில் "பிடிவாதம்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அது பயம். குதிரை கூட்டமாய் வாழும் விலங்கு. சில குதிரைகள் படுத்து உறங்கும்போது பக்கத்தில் இன்னொன்று நின்று காவல் காக்கும். அதன் கண்கள் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும் என்றாலும், நேர் பின்னால் இருப்பது அதற்குத் தெரியாது. கூட்டத்தில் இருக்கும்போது அந்தக் குறையை மற்றக் கண்கள் ஈடுகட்டும். தனியே போகும்போது காவல் முழுவதும் அதன் ஒரு தலைமேல் விழுகிறது. அந்தச் சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்க முடியும்.

அப்படித்தான் மூன்று மாதமாகப் பழக்கினேன். முதலில் ஏறவே இல்லை. கயிற்றைப் பிடித்துக் கூடவே நடந்தேன். வளைவுக்கு முன்னால் நின்று, அவள் வேண்டிய மட்டும் பார்க்கட்டும் என்று விட்டேன். கழுத்தும் முதுகும் சேரும் மேட்டில் சொறிந்துவிட்டேன். அங்கே சொறிந்தால் குதிரையின் இதயத்துடிப்பு குறைகிறது என்று 1993-இலேயே அளந்து சொல்லியிருக்கிறார்கள். பெருமூச்சு விட்டுத் தலையைத் தாழ்த்தினால் ஒரே ஓர் அடி முன்னே, அவ்வளவுதான். பயம் முற்றுவதற்கு முன்பே திரும்பிவிடுவேன்.

அப்புறம் ஏறினேன். லாயத்தின் கிழட்டு வெள்ளைக் குதிரை முன்னால் போனது, இவள் பின்னால். சில வாரங்களில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். பிறகு இவள் முன்னால். பிறகு அது பத்து அடி பின்தங்கும், இருபது அடி பின்தங்கும், கடைசியில் வளைவிலேயே நின்றுகொள்ளும். காலால் மெல்லத் தட்டுவேன், அவள் ஓர் அடி வைத்த உடனே காலைத் தளர்த்திவிடுவேன். முன்னே போனால் நிம்மதி என்று அவளுக்குப் புரிய வேண்டும், அதற்காக. போன வாரம் புதன்கிழமை அவள் வளைவைத் தாண்டித் தனியாக முப்பது அடி நடந்தாள். காது இரண்டும் முன்னோக்கி இருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் பயிற்சியாளர் என்னை இறங்கச் சொல்லிவிட்டு அவர் ஏறினார். பத்து நிமிடம் சவுக்கு. செவலை வளைவைத் தாண்டினாள், உண்மைதான். ஆனால் இப்போது சேணத்தைத் தூக்கிக்கொண்டு போனாலே சுவரோடு ஒட்டி நின்று நடுங்குகிறாள். கேட் திறக்கும் சத்தம் கேட்டாலே வியர்க்கிறது. அந்த வளைவில் ஏதோ ஆபத்து என்று சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவளுக்கு, அங்கே போனால் அடி விழும் என்று நாமே உறுதிப்படுத்திவிட்டோம்.

இது புதிதாக யாரும் கண்டுபிடித்த விஷயமில்லை. மிரண்ட குதிரையை அடித்தால், மிரளவைத்த பொருள்தான் அந்த வலிக்கும் காரணம் என்று அது எண்ணிக்கொள்ளும் என்று கிரேக்கப் படைவீரர் செனஃபோன் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தார். நீங்களே அந்தப் பொருளைத் தொட்டுக் காட்டுங்கள், மெதுவாக அருகே அழைத்துப் போங்கள் என்பது அவர் சொன்ன வழி. போருக்குக் குதிரை பழக்கியவர்.

அறிவிப்பில் இருக்கும் கெடுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், குதிரை கடக்கும்போது குடை விரிக்கப்படும் என்று சவாரி செய்பவர்களிடம் மட்டும் சொன்னார்கள். குடையை யாரும் விரிக்கவே இல்லை. ஆனாலும் மனிதர்களின் இதயத்துடிப்போடு குதிரைகளின் துடிப்பும் ஏறியது. மாதக் கடைசியை எண்ணிக்கொண்டு நாங்கள் ஏறி உட்கார்ந்தால், அந்தப் பதற்றம் கடிவாளம் வழியாக நேரே குதிரைக்குப் போகிறது. கெடுவை எடுத்துவிடுங்கள், அதுவே பாதி வேலை.

சொல்லத் தொடங்கியதால் இதையும் சொல்கிறேன். போன ஆண்டு "கேட்டைத் தாண்டாது" என்று மூன்று குதிரைகளை விற்றீர்கள். அவற்றில் ஒன்றுக்காவது கால்நடை மருத்துவரை அழைத்து முதுகு, பல், கண் பார்த்தோமா? சேணம் சரியாகப் பொருந்துகிறதா என்று யாராவது கை விட்டுப் பார்த்தோமா? வலி இருக்கிற குதிரையும் இப்படித்தான் நின்றுவிடும். அந்தக் கறுப்பு மட்டக்குதிரையின் முதுகில் இருந்த வெள்ளை முடித் திட்டுகளைக் குழந்தைகள் கூடப் பார்த்தார்கள். சேணம் அழுத்தினால்தான் பெரும்பாலும் அப்படி வரும். அன்றே நான் வாய் திறந்திருக்க வேண்டும்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்களும் குதிரைமேல் பாசம் வைத்தவர்கள்தான் என்று நம்பியே எழுதுகிறேன். தயவுசெய்து அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். எந்தக் குதிரைக்கு எவ்வளவு காலம் வேண்டும் என்பதை அதன் கூடவே இருப்பவர்கள் முடிவு செய்யட்டும். அதுவரை வெளிச்சுற்றுக்குத் துணைக்குதிரையை அனுமதியுங்கள். பயந்து நிற்கும் குதிரைமேல் யாரும் சவுக்கு எடுக்கக் கூடாது.

வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்குச் செவலையை மறுபடி கயிற்றைப் பிடித்து நடத்திப் போகிறேன், மூன்று மாதத்துக்கு முன் தொடங்கிய அதே இடத்திலிருந்து. போன வாரம் கேட்டருகே நின்ற இருவரும் தயவுசெய்து வந்து எங்களோடு அந்த வளைவு வரை நடங்கள்.

நன்றியுடன்,
கழக உறுப்பினர் ஒருவர்