மழை விடுமுறைக்கு ஓர் ஆடுபுலிக் கட்டம் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், "இந்த மாவட்டங்களில் இன்று பள்ளிகளுக்கு விடுமுறை" என்ற செய்தி விடியற்காலையிலேயே வந்துவிடுகிறது. தெருவில் இறங்க முடியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேர் ஒரே கூடத்தில் கூடுகிறார்கள். மத்தியானம் கரண்ட் போய், செல்போனில் சார்ஜும் இறங்கிவிட்டால், என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

நம் பத்திரிகைகளில் மறந்துபோன விளையாட்டுகளைப் பற்றிக் கட்டுரைகள் வராமல் இல்லை. பல்லாங்குழி கணக்கறிவை வளர்க்கும், தாயம் பொறுமையைத் தரும் என்றெல்லாம் அன்போடு எழுதுகிறார்கள். ஆனால் எத்தனை குழி, எத்தனை காய், எங்கே ஆட்டம் நிற்கும் என்பது அவற்றில் இருப்பதில்லை. அந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையால் ஓர் ஆட்டம்கூட ஆட முடியாது. எனவே எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: சிறுவர் பக்கத்தில் ஒரு வாரம் அரைப்பக்கம் ஒதுக்கி, ஆடுபுலி ஆட்டத்தின் கட்டத்தைக் காய் வைத்து ஆடும் அளவில் முழு விதிகளோடு அச்சிடுங்கள். அதற்கு வேண்டிய விவரத்தை இங்கேயே எழுதிவிடுகிறோம்.

கட்டத்தில் மொத்தம் 23 முனைகள். உச்சிப் புள்ளி ஒன்று. அதிலிருந்து அடிக்கோட்டுக்கு நான்கு சாய்கோடுகள். நடுவில் மூன்று கிடைக்கோடுகள் நான்கு சாய்கோடுகளையும் வெட்டி, இருபுறமும் கொஞ்சம் வெளியே நீளும். அந்த வெளி நுனிகளை இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு நேர்கோடுகளால் சேர்க்க வேண்டும். எண்ணிட்டால் குழப்பமே இராது. உச்சி 1. முதல் கிடைக்கோடு இடமிருந்து வலம் 2 முதல் 7 வரை, இரண்டாவது 8 முதல் 13, மூன்றாவது 14 முதல் 19. அடிக்கோட்டில் 20 முதல் 23. சாய்கோடுகள் 1-3-9-15-20, 1-4-10-16-21, 1-5-11-17-22, 1-6-12-18-23. ஓரக் கோடுகள் 2-8-14, 7-13-19.

வரையும்போது எல்லோரும் செய்யும் தவறு, முதல் கிடைக்கோட்டை உச்சிக்கு ஒட்டி இழுத்துவிடுவது. அப்படிச் செய்தால் 3, 4, 5, 6 நான்கும் நெருங்கிப்போய், எந்தக் காய் எதில் இருக்கிறது என்று சண்டை வரும். உச்சியிலிருந்து 24 செ.மீ. கீழே அடிக்கோடு, அதன் நீளமும் 24 செ.மீ. என்று வைத்து, 10, 15, 20 செ.மீ. ஆழத்தில் கிடைக்கோடுகளைப் போட்டால், மிக நெருக்கமான இடத்திலும் 3 செ.மீ.க்கு மேல் இடைவெளி கிடைக்கும். கிடைக்கோட்டின் நீளம் 28 செ.மீ. புளியங்கொட்டை தாராளமாக உட்காரும். தரையில் சாக்பீஸில் போடுவதானால் எல்லா அளவையும் இரண்டு மடங்காக்கிக்கொள்ளலாம்.

புலி மூன்று, ஆடு பதினைந்து. புலிக்கு மூன்று கூழாங்கல்லோ சட்டைப் பித்தானோ போதும். வழக்கமாகப் புலிகளை 1, 4, 5 ஆகிய இடங்களில் முதலிலேயே வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்குவார்கள். புலியையும் ஆட்டையும் மாறிமாறி இறக்கும் வழக்கமும் உண்டு. ஆட்டுக்காரர் முறைக்கு ஓர் ஆடாக இறக்குவார். பதினைந்தும் இறங்கும்வரை எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது. புலிக்காரர் தம் முறையில் ஏதாவது ஒரு புலியைக் கோட்டின் வழியே அடுத்த காலி முனைக்கு நகர்த்தலாம். அல்லது, அதே நேர்கோட்டில் பக்கத்து முனையில் ஓர் ஆடும் அதற்கு அடுத்த முனை காலியாகவும் இருந்தால், தாண்டிக் குதித்து அந்த ஆட்டை வெட்டலாம். இரண்டு ஆட்டைச் சேர்த்துத் தாண்ட முடியாது, இன்னொரு புலியைத் தாண்ட முடியாது, குதிக்கும்போது கோடு திரும்பவும் கூடாது. மூன்று புலிகளும் நகர வழியில்லாமல் அடைபட்டால் ஆடு ஜெயித்தது. எத்தனை ஆடு போனால் புலி ஜெயித்தது என்பது ஊருக்கு ஊர் மாறும். காய் வைக்கும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். இந்த ஒன்றைப் பேசாததால்தான் பாதி ஆட்டங்கள் சச்சரவில் முடிகின்றன.

ஆட்டுக்காரர் அறிய வேண்டிய முதல் பாடம்: 2, 7, 14, 19, 20, 23 ஆகிய ஆறு முனைகளில் நிற்கும் ஆட்டை எந்தப் புலியாலும் வெட்ட முடியாது. அங்கே கோடுகள் முடிந்துவிடுகின்றன; தாண்டினால் இறங்க இடமில்லை. அந்த ஆறும் நிரம்பிய பிறகு 8, 13, 21, 22 தாமாகவே பத்திரமாகிவிடும், ஏனென்றால் புலி வந்து நிற்க வேண்டிய பக்கத்து முனைகளில் நம் ஆடுகள் நிற்கின்றன. அதன்பின் 15, 18. அதன்பின் 16, 17. கடைசியாக 9 அல்லது 12. புலிகள் மேலேயே உலாவிக்கொண்டிருந்தால், இந்த வரிசையில் பதினைந்து ஆடும் ஒன்றுகூடச் சாகாமல் இறங்கிவிடும். ஒரு தாளில் வைத்துப் பாருங்கள், எவ்வளவு அழகான அமைப்பு என்று தெரியும்.

ஆகவே புலிக்காரர் மேலே காத்திருக்கக் கூடாது. ஒரு புலியாவது சீக்கிரமே கீழே இறங்கி 15, 16 பக்கம் நின்று அந்த வரிசையைக் குலைக்க வேண்டும். அதே சமயம் மூலையில் ஒதுங்கவும் கூடாது. உச்சியில் நிற்கும் புலியை அடைக்க எட்டு ஆடு வேண்டும்: முதல் கோட்டில் நான்கு, அவற்றைத் தாண்டவிடாமல் இரண்டாம் கோட்டில் நான்கு. 20-ஆம் முனையில் நிற்கும் புலிக்கு நான்கே ஆடு போதும்: 15, 21, அவற்றுக்குப் பின்னால் 9, 22. புதிதாக ஆடுகிறவர்கள் ஓர் ஆட்டுக்கு ஆசைப்பட்டு மூலைக்குப் போய்த்தான் புலியைத் தொலைக்கிறார்கள்.

ஆட்டுக்காரருக்குச் சோதனை பதினைந்தாவது ஆடு இறங்கிய பிறகுதான். இனி நகர்த்தியே ஆக வேண்டும். ஓர் ஆடு நகர்ந்தால் அது நின்ற இடம் காலி. 18-ல் இருந்த ஆட்டை 12-க்கு ஏற்றினால், 6-ல் நிற்கும் புலி 12-ஐத் தாண்டிக் காலியான 18-லேயே வந்து இறங்கும். போகிற இடத்தை மட்டும் பார்த்தால் போதாது, விட்டுவிட்டுப் போகிற இடத்தையும் பார்க்க வேண்டும்.

முனைகளுக்கு எண் இட்டு அச்சிடுங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மழையில் வர முடியாத சிநேகிதனோடு போனிலேயே ஆடலாம். இருவர் வீட்டிலும் ஒரே கட்டம் இருந்தால், "ஆடு 14", "புலி 5-லிருந்து 11" என்று சொன்னாலே போதும். வீடியோ வேண்டாம், டேட்டா வேண்டாம். ஐந்து முறைக்கு ஒரு தடவை இருவரும் புலி இருக்கும் எண்களைச் சொல்லி ஒப்பிட்டுக்கொண்டால் தப்பு நடந்தாலும் உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது பல்லாங்குழி. பலகை இல்லையே என்று யாரும் விட்டுவிட வேண்டாம். முப்பது முட்டை அட்டையில் ஆறு குழி நீளத்துக்கு இரண்டு வரிசை வெட்டி, மிச்சத்திலிருந்து இரண்டு குழித் துண்டு ஒன்றை ஓரத்தில் சேர்த்தால் ஏழேழாகப் பதினான்கு குழி கிடைத்துவிடும். குழிக்கு ஐந்து வீதம் 70 புளியங்கொட்டை. அளவில் அதிகம் வித்தியாசம் இல்லாதவையாகப் பொறுக்கிக்கொண்டால் கையில் சீராக விழும். தம் பக்கத்துக் குழி ஒன்றிலிருந்து முழுவதையும் அள்ளி, வலப்பக்கமாகக் குழிக்கு ஒன்று போட்டுக்கொண்டே எதிராளி வரிசையிலும் சுற்றி வர வேண்டும். கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியில் உள்ளதை அள்ளித் தொடரலாம். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கு அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை விட வேண்டும். அடுத்தடுத்து இரண்டு குழி வெறுமை என்றால் ஒன்றும் கிடையாது. ஆட்டத்தின் நடுவே எந்தக் குழியிலாவது நான்கு காய் சேர்ந்தால் அது பசு; யார் ஆடினாலும் குழிக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்ளலாம். ஐந்தாவது காய் விழுந்த பிறகு உரிமை இல்லை என்று முதலிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

சரியாக ஆடுகிறோமா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. புது ஆட்டத்தில் உங்கள் இடது ஓரக் குழியிலிருந்து தொடங்குங்கள். ஐந்து முறை அள்ளி, 27 காய் போட்டு முடித்ததும், உங்கள் ஐந்தாவது குழி வெறுமையாக எதிரில் நிற்கும். துடைத்தால் ஆறாவது குழியில் ஏழு காய். ஏழு வரவில்லை என்றால் எங்கோ ஒரு குழியைத் தாண்டிவிட்டீர்கள் அல்லது ஒரே குழியில் இரண்டு போட்டுவிட்டீர்கள். அடுத்த சுற்றில் தோற்றவர் தம்மிடம் உள்ளதை ஐந்தைந்தாக நிரப்பி, நிரம்பாத குழிகளை ஒரு குச்சி வைத்து மூடிவிட வேண்டும். அவற்றில் யாரும் காய் போடக் கூடாது.

தாயத்தில் பிள்ளைகள் அலுத்துப்போவதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. பித்தளைத் தாயக்கட்டை ஒவ்வொன்றிலும் வெறுமை, 1, 2, 3 என்று நான்கு முகம். இரண்டு கட்டைக்கும் சேர்த்து 16 விதமாக விழலாம்; அதில் காய் இறக்க வேண்டிய தாயம், அதாவது ஒரு கட்டை வெறுமையும் மற்றது 1-ம் விழுவது, இரண்டு விதம்தான். ஆக சராசரியாக எட்டு வீச்சுக்கு ஒரு தாயம். நாலு பேர் ஆட்டத்தில் ஒருவர் காய் இறக்காமலே கால் மணி நேரம் உட்கார நேர்கிறது. ஐந்து விழுந்தாலும் காய் இறக்கலாம் என்று வைத்துக்கொண்டால் நாலு வீச்சுக்கு ஒன்றாகக் குறையும். ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்த ஆறு புளியங்கொட்டையில் ஆடினால் இன்னும் கடினம். இரண்டு பக்கமும் சமமாக விழுந்தால்கூட 64-ல் 6 தடவைதான் தாயம். டைல்ஸ் தரையில் கட்டை வழுக்கி ஓடும், மடிப்பில்லாமல் ஒரு துண்டை விரித்து உருட்டுங்கள்.

ஆறேழு பேர் சேர்ந்துவிட்டால் பெயர், ஊர், பூ, காய், விலங்கு எழுதும் ஆட்டம் நல்லது. வேறு யாரும் எழுதாத சொல்லுக்குப் பத்து, இருவர் எழுதினால் ஐந்தைந்து. இதில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ட, ண, ழ, ள, ற, ன ஆகியவை தமிழ்ச் சொல்லின் முதலில் வாரா. சீட்டில் அவை வந்தால் எல்லோரும் திணறுவார்கள். ஐ, ஔ நீங்கலாகப் பத்து உயிரெழுத்துகளும் க, ச, த, ந, ப, ம, வ ஆகிய ஏழும் சேர்த்து 17 சீட்டு போதும். 'க' என்றால் க மட்டுமா, கா, கி, கூ எல்லாமுமா என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். வரிசை முழுவதையும் சேர்த்தால் சின்னப் பிள்ளைகளும் ஈடுகொடுப்பார்கள்.

கேரம் பற்றி நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு முறை உலகச் சாம்பியனான மரிய இருதயமும், 2024-ல் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் சென்னையிலிருந்து வந்தவர்கள்தாம். மழைக்காலத்தில் மட்டும் பலகையை ஈரச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், பிளைவுட் வளைந்துவிடும். பவுடரும் ஈரம் ஏறிக் கட்டி தட்டும். கொஞ்சமாகத் தூவி, கட்டிகளைத் துடைத்துவிட்டு ஆடுங்கள். அது போரிக் பவுடராக இருந்தால் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமலும், ஆடிய கையோடு பலகாரம் தின்னாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அச்சிடும்போது கோடுகளைக் கறுப்பில் தடிமனாகவும் எண்களை முனைக்குப் பக்கத்தில் சிறிதாகவும் போடுங்கள். முனை மேலேயே எண் இட்டால் காய் வைத்ததும் மறைந்துவிடும். பின்னணியில் புலிப்படம், மலைப்படம் எதுவும் வேண்டாம். பக்கத்தின் நடு மடிப்பு கட்டத்தின் குறுக்கே விழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், மடிப்பில் வைத்த காய் உருண்டுவிடும். கட்டத்தின் கீழே விதிகள் பத்து வரிக்குள் அடங்கும். நவம்பர் மழை உச்சத்துக்கு வரும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தால், வெட்டி அட்டையில் ஒட்டிக்கொள்ள வீடுகளுக்கு நேரம் கிடைக்கும்.

இப்படிக்கு,
வாசகர்கள் நால்வர்,
கும்பகோணம்