குளிர்கடலில் கேமராவோடு இறங்கும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய படங்களில் பனி பெய்தது மாதிரி வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. அது கேமராவின் கோளாறு இல்லை. குளிர்ந்த கரையோரக் கடலில் ஊட்டச்சத்து அதிகம், அதனால் மிதவை உயிரிகளும் அதிகம். தண்ணீர் பச்சையாக இருப்பதே அதனால்தான். லென்ஸுக்கு முன்னால் மிதக்கும் ஒவ்வொரு துகளிலும் ஸ்ட்ரோப்பின் (தண்ணீருக்குள் அடிக்கும் ஃப்ளாஷ்) வெளிச்சம் பட்டு, நேராக லென்ஸுக்குள்ளேயே திரும்பி வருகிறது.

இரண்டு ஸ்ட்ரோப்பையும் பக்கவாட்டில் நன்றாக விரித்து வை. அவற்றின் முகம் போர்ட்டின் (லென்ஸுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி மூடி) விளிம்பைவிடச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். பிறகு இரண்டையும் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்பு. ஒளிக்கற்றையின் உள்விளிம்பு மட்டும் பொருளைத் தொட்டால் போதும். லென்ஸுக்கும் பொருளுக்கும் நடுவே உள்ள தண்ணீர் இருட்டாகவே இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், கிட்டப் போவது. அகலமாகக் காட்டும் வைட் லென்ஸ் என்றாலும் 30 செ.மீ.க்குள் போ. தூரத்திலிருந்து எடுத்துவிட்டு அப்புறம் வெட்டிப் பெரிதாக்கினால் புள்ளிகளும் சேர்ந்து பெரிதாகும். தண்ணீர் முதலில் உறிஞ்சுவது சிவப்பு நிறத்தைத்தான். கடல் சாமந்தியின் சிவப்பு உனக்குப் பழுப்பாக வருவதற்கும் தூரம்தான் காரணம்.

செட்டிங்கைக் கரையிலேயே வைத்துவிடு. தடித்த கையுறையோடு, விரல் மரத்த பிறகு, சின்ன டயலைத் திருப்புவது பெரும்பாடு. மேக்ரோவுக்கு, அதாவது சின்ன உயிரை மிகக் கிட்டத்தில் எடுக்க, லென்ஸ் துளை எஃப் 16, ஷட்டர் 1/200 நொடி, ஐஎஸ்ஓ 200 வைத்துத் தொடங்கு. வைட் என்றால் எஃப் 8, 1/80, ஐஎஸ்ஓ 400. பின்னணிப் பச்சையின் வெளிச்சத்தை ஷட்டரால் கூட்டிக் குறை. முன்னால் இருக்கும் உயிரின் வெளிச்சத்தை ஸ்ட்ரோப்பின் பவரால் சரிசெய். இந்த இரண்டையும் மனசில் பிரித்து வைத்துக்கொண்டால் தண்ணீருக்குள் குழப்பமே வராது.

போர்ட் உள்ளே பனித்துப் போவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். 20 டிகிரி அறையில் ஈரப்பதம் 50 சதவீதம் இருந்தாலே போதும், அந்தக் காற்றின் ஈரம் சுமார் 9 டிகிரியில் நீராகப் படியும். அந்தக் காற்றை ஹவுசிங்கில் (கேமராவை வைக்கும் நீர்புகாப் பெட்டி) அடைத்து 8 டிகிரி தண்ணீரில் இறக்கினால் கண்ணாடியில்தான் வந்து படியும். குளிர்ச்சியான, உலர்ந்த இடத்தில் வைத்து மூடு. ஈரம் உறிஞ்சும் புது சிலிக்கா ஜெல் பைகளை உள்ளே போடு. பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும் என்பதால் அதை மட்டும் கடைசி வரை கதகதப்பாக வைத்திருந்து, மூடும்போது போடு.

ஹவுசிங்கை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை அவசரத்தில் துடைக்காதே. வெளிச்சத்தில் பிடித்து, விரலுக்கிடையே மெதுவாக இழுத்துப் பார். ஒரு முடி, ஒரு உப்புப் படிகம், ஒரு நூலிழை போதும் தண்ணீருக்கு வழிவிட. வளையம் உட்காரும் பள்ளத்தையும் துடை. கிரீஸ் லேசாகப் பளபளக்கும் அளவுக்கு மட்டும் போடு. அப்பினால் மணலைத்தான் பிடித்துவைக்கும். தண்ணீரை அடைப்பது ரப்பர், கிரீஸ் இல்லை. ஹவுசிங் செய்தவர்கள் சொன்ன கிரீஸையே போடு. சிலிகான் வளையத்தில் பொருந்தாத கிரீஸ் பட்டால் ஊதிப்போகும். வேக்வம் பம்ப் இருந்தால் ஹவுசிங்கின் காற்றை இழுத்துவிட்டு, கசிகிறதா என்று அரை மணி நேரம் பார்த்த பிறகே இறங்கு.

இனி உன் உயிர் சம்பந்தப்பட்டது. 10 டிகிரிக்குக் கீழே போகும் தண்ணீருக்கு என்றே சான்று பெற்ற ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி) வேண்டும். காற்று விரியும்போது குளிரும். அதில் ஐஸ் பிடித்து வால்வு திறந்தபடியே நின்றால் சிலிண்டர் நிமிஷங்களில் காலி. கரையின் குளிர்காற்றில் ரெகுலேட்டரை வாயில் வைத்து மூச்சு விட்டுப் பார்க்காதே. தண்ணீர் புகாத உடையான டிரை சூட்டுக்குக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடு, மூச்சை இழுக்கும் அதே நொடியில் பொத்தானை அமுக்காதே. படம் ஆடாமல் இருக்கட்டும் என்று மூச்சைப் பிடிக்கும் பழக்கம் அடியோடு வேண்டாம், கண்ணு. அப்படியே கொஞ்சம் மேலே வந்துவிட்டால்கூட நுரையீரல் கிழியலாம். நடுக்கம் தொடங்கினால் எவ்வளவு நல்ல படம் எதிரில் நின்றாலும் திரும்பிவிடு.

ஓடில்லாத கடல் நத்தையை எடுக்கும்போது மேலிருந்து எடுக்காதே. கேமராவை அதன் மட்டத்துக்கு இறக்கி, தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கொம்புகளில் ஃபோகஸ் வை. அவ்வளவு கிட்டத்தில் எஃப் 16இல்கூடச் சில மில்லிமீட்டர்தான் தெளிவாக வரும். கொம்பு மங்கினால் படமே போச்சு. பின்னணி அழகாக இல்லை என்று அதைத் தூக்கி வேறிடத்தில் வைக்காதே. முதுகில் இருக்கும் செவுள் உள்ளே சுருங்கிக்கொள்ளும், பிடி விட்டால் நீரோட்டம் அடித்துக்கொண்டு போகும். பேய்க்கணவாய் பொந்துக்குள் பின்வாங்கினால் நாலைந்து ஃப்ளாஷோடு நிறுத்திக்கொள்.

மேலே வந்ததும் ஹவுசிங்கை நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, தண்ணீருக்குள்ளேயே ஒவ்வொரு பொத்தானையும் பல தடவை அமுக்கு; உப்பு அங்கேதான் உறையும். உடனே திறக்காதே. குளிர்ந்த கேமராமேல் அறைக்காற்று பட்டால் லென்ஸிலும் எலக்ட்ரானிக்ஸிலும் ஈரம் படியும். அறைச் சூடு ஏறும்வரை மூடியே இருக்கட்டும். திறக்கும்போது உன் தலைமுடி சொட்டாமல் துண்டால் கட்டிக்கொள்.

அன்புடன்,
அம்மா