எந்த லூக்கா?

ஆசிரியருக்கு,

ரஷ்ய மருத்துவமனைத் தேவாலயங்கள் பற்றிய கட்டுரையில் இரண்டு லூக்காக்கள் ஒருவராகிவிட்டனர். இருவரும் மருத்துவர்கள் என்பதால் வரும் குழப்பம்தான் இது. ஒருவர் பைபிளில் நற்செய்தி எழுதியவர். அங்கே பல மருத்துவமனைகளில் நினைவுகூரப்படுபவர் மற்றவர்: வோய்னோ-யாசெனெட்ஸ்கி (1877-1961), கிரிமியாவின் சிம்ஃபெரோபோல் நகரப் பேராயர், அறுவை மருத்துவர். சீழ்ப் புண் அறுவை பற்றி 1934-இல் நூல் எழுதினார். அதற்காக 1946-இல் சோவியத் அரசின் ஸ்டாலின் பரிசு. கைதும் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டதும் அதே அரசின் கொடைதான்! கத்தி வைக்குமுன் நோயாளியின் தோலில் அயோடினால் சிலுவை வரைவாராம்.

அறுவைக்குக் காத்திருக்கும் நோயாளிக்கான வழிபாட்டு நடைமுறையையும் கட்டுரை தொடவில்லை. ரஷ்யாவின் ஆர்த்தடாக்ஸ் திருச்சபை நற்கருணையில் திராட்சை இரசத்தில் தோய்ந்த அப்பம் கரண்டியில் தரப்படும். மயக்க மருந்துக்கு முன் திட உணவு 6 மணி நேரம் கூடாது. ஆகவே முந்தைய நாளே கொடுப்பது நல்லது. நோயாளிக்காகச் செபித்து நெற்றி, கன்னம், மார்பு, கை என எண்ணெயும் பூசுவார்கள். மார்பில் எண்ணெய் இருந்தால் ஈசிஜி பட்டைகள் ஒட்டாது, திரையில் கோடு தாறுமாறாக ஓடும். துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். ஆக்சிஜன் ஓடும் படுக்கையருகே மெழுகுவர்த்தி கூடவே கூடாது. அதைத் தேவாலயத்திலேயே ஏற்றட்டும்.

- ஒரு வாசகர்