உமிழ்நீர் கார்டிசால்: மாணவர் ஆய்வுகளில் நேரம் முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் ஹார்மோனையும் மனச்சோர்வையும் இணைத்து ஆராய முன்வருவது பெரும் மகிழ்ச்சி. ஆனால் உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளப்பவர்கள் பெரும்பாலும் நேரத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். கண்விழித்த 30 முதல் 45 நிமிடத்தில் கார்டிசால் உச்சம் தொடும். நள்ளிரவை ஒட்டி வெகுவாக இறங்கிவிடும். ஒருவரிடம் காலை 7 மணிக்கும் இன்னொருவரிடம் 11 மணிக்கும் எடுத்து ஒப்பிட்டால், தெரிவது நேர வித்தியாசமே, மனநிலை அல்ல. விழித்தவுடன் ஒன்று, 30ஆம் நிமிடம் ஒன்று, 45ஆம் நிமிடம் ஒன்று என மூன்று மாதிரிகள் வேண்டும். எழுந்த நேரத்தையும் எழுதுங்கள். மூன்று மாதிரிகளும் எடுத்து முடிக்கும்வரை காபி வேண்டாம். பல் துலக்கவும் வேண்டாம், ஈறில் கசியும் இரத்தம் அளவைக் கூட்டிக் காட்டும். ஸ்டீராய்டு இன்ஹேலர், களிம்பு பயன்படுத்துவோரைத் தனியே பிரித்துவிடுங்கள். மாதிரிகளை மைனஸ் 20 டிகிரியில் உறையவைப்பது நல்லது.

இதைவிட முக்கியம் மனச்சோர்வை அளக்கும் வினாத்தாள். அதற்குப் பயன்படும் பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளின் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதில் பூஜ்ஜியத்துக்கு மேல் எந்த மதிப்பெண் வந்தாலும், அன்றே பொறுப்பாசிரியர் அந்த மாணவரிடம் பேசி, மனநல மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். தாளைக் கட்டிவைத்துப் பிறகு மதிப்பெண் கூட்டுவது ஆபத்து. அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் உதவி எண் 14416ஐ வினாத்தாளிலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உயிர்வேதியியல் ஆசிரியர்கள் சிலர்