அந்த ஆட்டை அவிழ்த்து விடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பொருளாதாரக் கட்டுரையில், "பணம் என்பது பண்டமாற்றின் தொல்லையைத் தீர்க்க மனிதன் கண்டுபிடித்த நடுநிலையான கருவி, அதற்கு அரசியல் கிடையாது" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். பக்கத்தில் ஆட்டோடு ஒருவர், கோடரியோடு ஒருவர், நடுவில் ஒரு காசு. முன்பு ஒரு முறை போட்ட அதே படம்தான். அந்த ஆட்டுக்கு இந்நேரம் பல் கொட்டியிருக்கும்.

அது பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் 1776-இல் சொன்ன கதை. முழுக்கப் பண்டமாற்றால் இயங்கி, அதிலிருந்து பணம் பிறந்ததாக ஒரு சமூகத்தைக்கூட எவரும் பதிவு செய்ததில்லை என்று மானுடவியலாளர் கரோலின் ஹம்ஃப்ரி 1985-இல் எழுதிவிட்டார். நாணயம் அச்சிடுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மெசபடோமியாவில் களிமண் பலகையில் கடன் கணக்கு இருந்தது. தாங்கள் அறியாததா?

நான் ஒரு வங்கியில் முப்பத்தோரு ஆண்டுகள் இருந்தவன், அதில் பாதி கடன் பிரிவில். கடன் அனுமதியானதும் எந்தச் சேமிப்பாளர் கணக்கிலிருந்தும் சல்லிக்காசு எடுத்ததில்லை. கடன் பேரேட்டில் ஒரு தொகை, வாங்கியவர் கணக்கில் அதே தொகை, அவ்வளவுதான். காலையில் இல்லாத பணம் மதியம் இருந்தது. ஓய்வுபெற்ற குமாஸ்தாவின் பேச்சு என்று ஒதுக்குவதானால், 2014-இல் பிரிட்டனின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியே தன் காலாண்டிதழில் இதை விளக்கியிருக்கிறது, பாருங்கள். ஜாமீனுக்கு ஆளில்லாத ஒரு பெண்மணியை மூன்று முறை திருப்பி அனுப்பினேன். அதே மாதம் இன்னொருவருக்கு மேலிடத்திலிருந்து வந்த தொலைபேசியே ஜாமீனாக இருந்தது. இரண்டு கோப்பிலும் கையெழுத்து என்னுடையது. நடுநிலையான கருவியாம்!

நம் மொழியில் காசும் நாணயம், நேர்மையும் நாணயம். சின்னக் கடன்காரர் இரண்டு தவணை தவறினால் நாணயமற்றவர். 2008-இல் அமெரிக்காவின் பெரிய வங்கிகள் ஆட்டம் கண்டபோது 70,000 கோடி டாலர் வரை பயன்படுத்தச் சட்டம் போட்டார்கள். தங்கள் இதழ் அதற்கு 'மீட்பு' என்று தலைப்பிட்டது, கத்தரித்து வைத்திருக்கிறேன். அப்புறம் அந்தத் தலையங்கம்: குடும்பத் தலைவியைப்போல் அரசும் வரவுக்குள் செலவு செய்ய வேண்டுமாம். எந்தக் குடும்பத் தலைவியிடம் நோட்டு அச்சடிக்கும் உரிமை இருக்கிறது, ஐயா? (அச்சடித்துத் தள்ளுங்கள் என்று சொல்லவில்லை. 1923-இல் விலைவாசி எகிறி ஜெர்மனி பட்ட பாடு எனக்கும் தெரியும்.)

அயர்லாந்து பற்றியும் முன்பு எழுதினேன். 1970-இல் ஊழியர் தகராறில் அங்கே வங்கிகள் ஏறத்தாழ ஆறு மாதம் மூடிக் கிடந்தன. மக்கள் எழுதிக்கொடுத்த காசோலைகளே கைமாறிப் பணமாக ஓடின. யாருடைய காசோலையை நம்பி வாங்கலாம் என்று மதுக்கடைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது, வாடிக்கையாளர்களைப் பல காலம் பார்த்தவர்கள் அல்லவா! தாங்கள் அதைச் 'சுவையான தகவல்' என்று பெட்டி கட்டி, வங்கிகள் மூடியதை மட்டும் போட்டீர்கள். காசோலை ஏன் ஓடியது என்ற பாதி இடப் பற்றாக்குறைக்குப் பலியானது. அந்தப் பாதிக்காகத்தான் கடிதமே எழுதினேன்.

மறுப்புக் கட்டுரையெல்லாம் கேட்கவில்லை, அந்தத் தகுதி எனக்கில்லை என்பது எப்போதோ புரிந்துவிட்டது. அடுத்த இதழில் குறுக்கெழுத்து விடைகளுக்குக் கீழே வரும் திருத்தப் பகுதியில், 'நடுநிலையான' என்ற சொல்லை நீக்கிப் படிக்கவும் என்று ஒரு வரி போடுங்கள். அந்த ஆட்டுப் படத்துக்கும் ஓய்வு கொடுங்கள்.

இப்படிக்கு,
சந்தா பாக்கி வைக்காத வாசகர் ஒருவர்