வில்சனிலிருந்து மல்லிகாவுக்கு

அன்புள்ள மல்லிகா,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. வெயிலில் போகவிடாதே, சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடு. உனக்கு இடமாற்றம் கிடைத்ததிலும் ரொம்ப சந்தோஷம், இனி விடிகாலையில் பஸ்ஸுக்கு ஓட வேண்டாம். இங்கே எல்லோரும் நலம். அவருக்கு மருந்துத் தொழிற்சாலை வேலை பழகிவிட்டது, பெரியவள் நம் இரண்டு பேரையும் விட உயரமாகிவிட்டாள், சின்னவன் இன்னும் சோறு ஊட்டினால்தான் சாப்பிடுகிறான்.

நியூயார்க் தெரியும், சிகாகோ தெரியும், வில்சன் என்று ஒரு ஊரா, அங்கே என்னதான் இருக்கிறது என்று கேட்டிருந்தாய். பேசாமல் இந்த மாநிலத்தின் தலைநகரான ராலேவுக்குக் குடிபோய்விடுங்களேன் என்று இங்குள்ள நம் ஆட்களும்தான் சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. ஏன் என்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

வட கரோலினா மாநிலத்தின் கிழக்குப் பாதி முழுவதும் கடற்கரைச் சமவெளி. மேற்கே இருக்கிற மேட்டு நிலம் ராலேவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முடிந்துவிடும், அதற்குப் பிறகு கடல்வரைக்கும் தட்டையான மணற்பாங்கான மண், பைன் மரங்கள், மெதுவாக நகர்கிற கறுப்புத் தண்ணீர் ஓடைகள். அந்தச் சமவெளி தொடங்குகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் வில்சன். ராலேவிலிருந்து கிழக்கே சுமார் 50 மைல், ஜனத்தொகை ஏறத்தாழ 50,000, அதில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கறுப்பின மக்கள். வில்சன் கவுண்டியின் தலைநகர் இதுதான், அதாவது நம்மூர் மாவட்டத் தலைநகர் மாதிரி கோர்ட், பத்திரப்பதிவு, வரி எல்லாம் இங்கேதான். நாஷ் தெருவில் பெரிய பெரிய தூண்களோடு ஒரு நீதிமன்றக் கட்டடம் இருக்கிறது, 1920களில் கட்டியது. அந்தத் தூண்களைப் பார்த்தாலே இந்த ஊரில் ஒரு காலத்தில் எவ்வளவு பணம் புழங்கியது என்று தெரிந்துவிடும்.

ரயில்தான் இந்த ஊரை உண்டாக்கியது. இதே மாநிலத்தில் வில்மிங்டனிலிருந்து வெல்டன் வரைக்கும் 161 மைலுக்கு ஒரு பாதை 1840-ல் போட்டு முடித்தார்கள், அப்போது உலகத்திலேயே நீளமான ரயில் பாதை அதுதான். அந்தப் பாதையில் இருந்த ஒரு சின்ன நிறுத்தத்தைச் சுற்றி வீடுகள் முளைத்து 1849-ல் ஊர் ஆனது, 1855-ல் சுற்றியிருந்த நான்கு கவுண்டிகளிலிருந்து துண்டு துண்டாக எடுத்து இதைத் தலைநகராக வைத்து ஒரு புதுக் கவுண்டி அமைத்தார்கள். அந்தத் தடத்தில் இன்றைக்கும் நியூயார்க் போகிற ரயில் நிற்கிறது. நீ வரும்போது அதில்தான் உன்னை ஏற்றி அழைத்துப்போகப் போகிறேன்.

இந்த ஊரில் புழங்கியதாகச் சொன்னேனே, அந்தப் பணம் புகையிலையிலிருந்து வந்தது. வேதாரண்யம் பக்கம் புகையிலைக் கொல்லை பார்த்திருப்பாய், அது வெற்றிலையோடு மெல்லுகிற சரக்கு. இங்கே விளைவது சிகரெட்டுக்கான மஞ்சள் இலை. இந்த மணல் மண்ணில் சத்து குறைவு, அதனாலேயே இலை மெல்லிசாக, நல்ல நிறத்தோடு வரும் என்று விவசாயிகள் சொல்வார்கள். செடியை மொத்தமாக வெட்டாமல், அடியிலிருந்து மேலே பழுக்கப் பழுக்க இலையைப் பறிப்பார்கள். குச்சியில் கட்டி உயரமான மரக் கொட்டகைக்குள் தொங்கவிட்டு, தகரக் குழாய் வழியாகச் சூடு மட்டும் உள்ளே போகிற மாதிரி செய்து, புகை படாமல் ஒரு வாரம் போலப் பாடம் செய்வார்கள். சூடு ஒரே ராத்திரி தப்பினாலும் ஒரு பறிப்பு முழுக்க வீண், அதனால் குடும்பத்தில் யாராவது கொட்டகை வாசலிலேயே படுத்துக் கிடந்திருக்கிறார்கள். இப்போது அந்த வேலைக்கு உலோகப் பெட்டி மாதிரி இயந்திரக் கொட்டகைகள் வந்துவிட்டன, ஆனால் ஊருக்கு வெளியே வண்டி ஓட்டிப் போனால் பழைய மரக் கொட்டகைகள் கொடி படர்ந்து சாய்ந்து நிற்பதை இன்னும் பார்க்கலாம்.

1890-ல் இங்கே புகையிலைச் சந்தை ஆரம்பித்தது. பிறகு வில்சன் தன்னை உலகத்தின் மிகப் பெரிய புகையிலைச் சந்தை என்றே எழுதிக்கொண்டது, மஞ்சள் இலையைப் பொறுத்தவரை அது வெறும் பெருமைப் பேச்சு இல்லை. ஆகஸ்டிலிருந்து சில மாதம் ஊர் முழுக்க ஏலம் நடக்கும். ஒரு தெரு அளவுக்கு நீளமான கிடங்குகளில் இலையை வரிசை வரிசையாகக் குவித்து வைத்திருப்பார்கள். ஏலக்காரர் விலையை ராகம் போட்டு, கேட்கிற யாருக்கும் புரியாத வேகத்தில் பாடிக்கொண்டே நடப்பார், சிகரெட் கம்பெனி ஆட்கள் கண்ணசைவிலும் விரலசைவிலும் வாங்குவார்கள். ஒரு குவியல் விற்க சில விநாடிதான். ஒரு குடும்பத்தின் வருஷம் முழுதும் அந்த விநாடிகளில் அடங்கியிருந்தது. அந்த இலையை நட்டவர்கள், பறித்தவர்கள், தொழிற்சாலையில் நரம்பு உரித்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்களும் ஏழைக் குத்தகைக்காரர்களும். மாளிகை கட்டியவர்கள் வேறு. இதைச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றி எழுதக்கூடாது.

அப்புறம் எல்லாம் மாறிவிட்டது. சிகரெட் பழக்கம் குறைந்தது, அது நல்லதுதான். கம்பெனிகள் ஏலத்தை விட்டுவிட்டு விவசாயிகளோடு நேரடி ஒப்பந்தம் போட ஆரம்பித்தன. யார் எவ்வளவு புகையிலை விளைவிக்கலாம் என்று 1930களிலிருந்து இருந்த அரசாங்க ஒதுக்கீட்டு முறையை 2004-ல் சட்டம் போட்டு முடித்துவிட்டார்கள். கிடங்குகள் காலியாகின. 1872-ல் இந்த ஊரில் பிறந்து பெரிதான பிபி அண்ட் டி வங்கி, 1995-ல் இன்னொரு வங்கியோடு சேர்ந்து தலைமையகத்தை வின்ஸ்டன்-சேலத்துக்குக் கொண்டுபோய்விட்டது. இப்படி ஆன பக்கத்து ஊர்கள் சில இன்னும் எழுந்திருக்கவில்லை, மல்லிகா.

வில்சன் என்ன செய்தது என்று கேள், இதைத்தான் நான் உனக்குச் சொல்லவேண்டும் என்று இருந்தேன். இங்கே மின்சாரத்தை நூறு வருஷத்துக்கும் மேலாக நகராட்சியே விநியோகம் செய்கிறது, கம்பமும் கம்பியும் ஊருக்குச் சொந்தம். 2000களின் நடுவில் வேகமான இணையம் வந்தால்தான் தொழில் வரும் என்று நகராட்சி நினைத்தது. இங்கே ஏற்கெனவே சேவை கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனிகளிடம் போய், நீங்கள் போடுங்கள், நாங்களும் கைகொடுக்கிறோம் என்று கேட்டது. அவர்களுக்கு இஷ்டமில்லை, இவ்வளவு சின்ன ஊருக்கு அது கட்டாது என்று நினைத்தார்கள். சரி என்று ஊரே கடன் வாங்கி வீடு வீடாக ஃபைபர் கேபிள் போட்டு, 2008-ல் கிரீன்லைட் என்ற பெயரில் சேவையை ஆரம்பித்துவிட்டது. வட கரோலினாவில் ஜிகாபிட் வேகம், அதாவது விநாடிக்கு ஆயிரம் மெகாபிட் இணையம், முதலில் கிடைத்த ஊர் இதுதான், 2013-ல். பெரிய நகரங்களுக்கெல்லாம் அது பிறகுதான் வந்தது. நான் உன்னோடு வீடியோவில் பேசும்போது தடங்கலே இல்லை என்று ஆச்சரியப்படுவாயே, அது இந்த நகராட்சி செய்த வேலை.

கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. வேறு எந்த ஊரும் இதே மாதிரி சுலபமாகச் செய்யமுடியாதபடி 2011-ல் மாநிலத்தில் ஒரு சட்டம் வந்தது, வில்சனும் தன் கவுண்டி எல்லையைத் தாண்டக்கூடாது என்று. அடுத்த கவுண்டியில் பைன்டாப்ஸ் என்று ஒரு சின்ன ஏழை ஊர், அங்கே மின்சாரம் கொடுப்பதே வில்சன்தான், ஆனாலும் இணையம் கொடுக்கக்கூடாது! மத்திய தொலைத்தொடர்பு ஆணையம் 2015-ல் அந்தத் தடை செல்லாது என்றது, வில்சன் பைன்டாப்ஸுக்குக் கேபிள் இழுத்தது, அடுத்த வருஷமே நீதிமன்றம் ஆணையத்தின் உத்தரவை ரத்து செய்துவிட்டது. இணைப்பை வெட்டவேண்டிய நிலைமை. அந்தச் சமயத்தில்தான் மேத்யூ புயல் வந்து பைன்டாப்ஸ் வெள்ளத்தில் கிடந்தது. வில்சன் என்ன செய்தது தெரியுமா, கொஞ்ச காலத்துக்குப் பணமே வாங்காமல் இணைப்பைத் தொடர்ந்து கொடுத்தது. 2017-ல் மாநிலம் ஒரு விதிவிலக்குக் கொடுத்தது. ஒரு நகராட்சி பக்கத்து ஊருக்காக இவ்வளவு தூரம் நின்றதை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. வேலை விஷயமாக வந்தவளுக்கு இந்த ஊர்மேல் பற்று வந்தது இந்தக் கதை தெரிந்த பிறகுதான்.

கிழக்கு வில்சன் பக்கம் போனால் இதே குணத்துக்கு இன்னும் பழைய வேர் தெரிகிறது. ரயில் பாதைக்கு அந்தப்புறம் இருப்பது கறுப்பின மக்களின் பகுதி. வெள்ளையர் ஆஸ்பத்திரிகள் சேர்க்காத காலத்தில், 1913-ல் கறுப்பின மருத்துவர் ஒருவர் முன்னின்று அவர்களுக்கென்று ஒரு ஆஸ்பத்திரி தொடங்கினார், பிறகு மெர்ஸி என்று பெயர் மாறி 1964 வரைக்கும் நடந்தது. கட்டடம் இன்னும் நிற்கிறது. நீ வாத்தியாரம்மா, அதனால் 1918-ல் நடந்ததை உனக்குக் கட்டாயம் சொல்லவேண்டும். மேரி யூவல் என்ற கறுப்பின ஆசிரியையைப் பள்ளிக் கண்காணிப்பாளர், அவர் வெள்ளைக்காரர், அறைந்துவிட்டார். அந்தப் பள்ளி ஆசிரியர்கள் கூட்டாக வேலையை விட்டார்கள். பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திவிட்டு, தங்கள் பணத்திலேயே தனிப் பள்ளி ஒன்றைத் தொடங்கிப் பத்து வருஷம் போல நடத்தினார்கள். புகையிலைத் தொழிற்சாலையில் அற்பக் கூலிக்கு உழைத்த பெற்றோர்கள், நினைத்துப் பார். அதே பகுதியில் ஆலிவர் நெஸ்டஸ் ஃப்ரீமன் என்ற கொத்தனார், இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்களுக்கு வீடு கிடைக்காமல் இருந்தபோது, 1946-ல் கல், மரத்தண்டு, பாட்டில் என்று கிடைத்ததையெல்லாம் வைத்து வட்டமாக ஒரு வீடு கட்டினார். இப்போது அதுதான் கறுப்பின வரலாற்று அருங்காட்சியகம்.

அடுத்தது காற்றாடிகள், பட்டம் இல்லை, காற்றில் சுழல்கிறவை. வாலிஸ் சிம்ப்சன் என்று ஒருவர், 1919-ல் பிறந்தவர், வில்சனுக்குப் பக்கத்தில் லூகாமா என்ற சிற்றூர்க்காரர். பண்ணை இயந்திரங்களைப் பழுதுபார்ப்பதும், வீடுகளை அடியோடு தூக்கி வேறு இடத்துக்கு நகர்த்துவதும் அவர் தொழில். போரில் சைப்பான் தீவில் இருந்தபோது, உடைந்த பி-29 குண்டுவீச்சு விமானத்தின் பாகங்களை வைத்துக் காற்றில் ஓடுகிற சலவை இயந்திரம் ஒன்று செய்தாராம். ஓய்வுபெற்ற பிறகு சும்மா இருக்கமுடியாமல், பழைய சைக்கிள் சக்கரம், மின்விசிறி, சாலைப் பலகைகள், எஞ்சின் துண்டுகள் எல்லாவற்றையும் சேர்த்துத் தன் நிலத்தில் பிரம்மாண்டமான காற்றாடிகள் செய்து நட்டார். பலகைகளிலிருந்து வெட்டிய, வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற பிரதிபலிப்புத் துண்டுகளை அவற்றில் பதித்திருந்ததால் ராத்திரி காரின் வெளிச்சம் பட்டதும் வயல் முழுக்க மின்னும். மெதுமெதுவாக வெளியே தெரிந்து, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸுக்கு, பால்டிமோர் அருங்காட்சியகத்துக்கு எல்லாம் அவர் காற்றாடிகள் போயின.

அவருக்கு வயதானதும் அவை துருப்பிடித்து நிற்கத் தொடங்கின. வாங்கிக்கொண்டு போக வெளியாட்கள் தயாராக இருந்தார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை. பணம் திரட்டி, ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொண்டுவந்து, பட்டறை வைத்து, துரு எடுத்து, அவர் பூசிய அதே நிறங்களைப் பார்த்துப் பார்த்துப் பூசி, பழைய புகையிலைக் கிடங்குகள் இருந்த நகர மையத்தில் முப்பது காற்றாடிகள் போல நிறுத்தி, 2017 நவம்பரில் பூங்காவாகத் திறந்தார்கள். அவர் 2013-லேயே காலமாகிவிட்டார், அதே வருஷம் மாநிலம் அவர் காற்றாடிகளை அதிகாரபூர்வ நாட்டார் கலையாக அறிவித்தது. இரண்டு ஏக்கர்தான் பூங்கா. காற்று அடிக்கிற நாளில் அதற்குள் நின்றால் ஐம்பது அடி உயரத்தில் சைக்கிள் ஓட்டுகிறவனும், மரம் அறுக்கிறவனும், கோவேறு கழுதைகளும், விமானங்களும் எல்லாம் ஒன்றாக அசையும், சின்னவன் வாயைத் திறந்துகொண்டு பார்ப்பான். அவனை அங்கிருந்து வீட்டுக்குக் கூட்டிவருவது பெரும்பாடு.

குறைகளும் இருக்கின்றன. நகர மையத்தில் இன்னும் காலிக் கடைகள் உண்டு. கிழக்குப் பகுதிக்கும் மேற்குப் பகுதிக்கும் வசதியில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். தட்டை நிலம் என்பதால் பெருமழை வந்தால் தண்ணீர் வடிய வழியில்லை, 1999-ல் ஃப்ளாய்ட் புயல் இந்தச் சமவெளியை முழுக அடித்ததை இங்கே பெரியவர்கள் இன்னும் தேதி சொல்லிப் பேசுகிறார்கள். ஆனால் முயற்சியை விடுவதில்லை. 2020-ல் காலியாக ஓடிய வழித்தட பஸ்களை நிறுத்திவிட்டு, போனில் கூப்பிட்டால் பக்கத்து முனைக்கு வருகிற சின்ன வேன்களை நகராட்சி விட்டது. கார் இல்லாதவர்களுக்கு, என்னை மாதிரி நெடுஞ்சாலையில் ஓட்டப் பயப்படுகிறவர்களுக்கு அது பெரிய உதவி.

சாப்பாட்டைப் பற்றி எழுதாவிட்டால் நீ கோபித்துக்கொள்வாய். இந்தப் பக்கம் பன்றியை முழுசாக நெருப்பில் வாட்டி, நறுக்கி, வினிகரும் மிளகாயும் போட்டுப் பரிமாறுவார்கள், தக்காளி சாஸ் சேர்க்கவே மாட்டார்கள், அது மேற்கத்திய கரோலினாக்காரர்கள் பழக்கம் என்று சண்டைக்கே வருவார்கள். பார்க்கர்ஸ் கடை 1946-லிருந்து இருக்கிறது. நீ சாப்பிடமாட்டாய், உனக்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு இருக்கிறது. புகையிலை போன நிலங்களில் நிறைய இடத்தில் இப்போது அதுதான், அமெரிக்காவிலேயே அதிகம் விளைவது இந்த மாநிலத்தில். நான் அதில் பொரியல், கூட்டு, போளி வரைக்கும் செய்துவிட்டேன்.

விசா வந்ததும் எழுது. நவம்பர் முதல் வாரத்தில் வருகிற மாதிரிப் பார், அப்போதுதான் காற்றாடித் திருவிழா, குளிரும் அதிகம் இருக்காது. ராலே விமான நிலையத்துக்கு நாங்கள் வந்துவிடுவோம். ஒரு வாரம் இங்கே தங்கிவிட்டு ரயிலில் வாஷிங்டன் போகலாம். வரும்போது கொஞ்சம் வடகம் மட்டும் எடுத்துவா, மற்றதெல்லாம் இங்கே கிடைக்கிறது.

அன்புடன்,
சாந்தி